ஓட்டுல 1865னு இருந்தா பள்ளிக்கூடமும் 1865ல கட்டினதா?

கிருஷ்ணகிரி ஜில்லா ராயக்கோட்டை பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. அவங்க ஊர் ஓட்டுப் பள்ளிக்கூடத்துல ஒழுகுதுன்னு ஓடு மாத்தறப்ப, ஒரு ஓட்டோட முதுகுல பேஸல் மிஷன், மங்களூர், 1865னு அச்சு இருந்துச்சாம், அன்னில இருந்து "வெள்ளக்காரன் 1865ல கட்டின பள்ளிக்கூடம்"னு ஊரே சொல்லுதாம், இப்ப பக்கத்துலயே புதுசா கான்கிரீட் கட்டடம் வந்துட்டதால பழசை இடிச்சிடலாம்னு பேச்சு ஓடுதாம். நெஜமாவே அவ்ளோ பழசா, எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேக்குறாரு. நான் பஞ்சாயத்து யூனியன்ல ஓவர்சியரா இருந்து ரிட்டையர் ஆனவன், பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் நெறைய பள்ளிக்கூடத்துக்கு எஸ்டிமேட் போட்டிருக்கேன், ரிப்பேருக்கும் போட்டிருக்கேன், இடிக்கவும் போட்டிருக்கேன், அந்தப் பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும், தெரிஞ்சதை சொல்றேன்.

மொதல்ல கெட்ட சேதி. 1865ங்கறது உங்க பள்ளிக்கூடம் கட்டின வருஷம் இல்ல தம்பி, ஓட்டுக் கம்பெனி ஆரம்பிச்ச வருஷம். பேஸல் மிஷன்ங்கறது சுவிட்சர்லாந்துல இருந்து வந்த கிறிஸ்தவ மிஷன், அவங்க மங்களூர்ல ஓட்டு ஃபேக்டரி போட்டது 1865ல, அதுக்கப்புறம் பல வருஷம் கழிச்சு சுட்ட ஓட்டுலயும் அதே 1865தான் அச்சு. கடை போர்டுல "நிறுவியது 1950"னு எழுதறாங்களே அந்த மாதிரி. ஆல்புகர்க் கம்பெனி ஓடு கிடைச்சா அதுல 1868னு இருக்கும், அதுவும் அதே கதைதான். இந்த ஒரு நம்பரை வச்சுகிட்டு எத்தனை ஊர்ல நூற்றைம்பதாம் ஆண்டு விழா கொண்டாடி ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்கன்னு நெனச்சா சிரிப்புதான் வருது, ஆனா அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, ஓடே வருஷம் சொல்லுதேன்னு நம்பிட்டாங்க.

அதுக்காக அந்த ஓடு ஒண்ணுமே சொல்லலன்னு அர்த்தமில்ல. முதல் உலகப் போர் வந்தப்ப பேஸல் மிஷன்ல ஜெர்மன்காரங்க இருந்ததால சர்க்கார் அந்த ஃபேக்டரிகளை எல்லாம் எடுத்துகிச்சு, பிறகு அதெல்லாம் காமன்வெல்த் டிரஸ்ட்ங்கற பேருக்கு போயிடுச்சு, ஓட்டு அச்சும் மாறிடுச்சு. அதனால மிஷன் பேரு போட்ட ஓடுன்னா அந்தப் போருக்கு முன்னாடி சுட்டதா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இப்ப அடுத்த கேள்வி, மங்களூர்ல சுட்ட ஓடு ராயக்கோட்டைக்கு எப்படி வந்துச்சு? ஒரு ஓடு ரெண்டு, ரெண்டரை கிலோ வரும், 30 அடி நீளம் 16 அடி அகலத்துல ஒரு ஹாலுன்னா கூரை சரிவு, இறவாரம் எல்லாம் சேத்து சுமார் ஆயிரம் ஓடு புடிக்கும், ஆக ரெண்டு டன்னுக்கு மேல, மாட்டு வண்டின்னா நாலஞ்சு வண்டி லோடு. மெட்ராஸ்ல இருந்து மொரப்பூர், சேலம் வழியா மேற்குக் கடற்கரைக்கு 1860கள்லயே ரயில் போயிடுச்சு, ஆனா மங்களூருக்கு ரயில் வந்தது 1907லதான். இந்தப் பக்கம் மொரப்பூர்ல இருந்து தருமபுரிக்கு சின்ன ரயில், அதான் நேரோ கேஜ், 1906ல வந்துச்சு, அதை பாலக்கோடு, ராயக்கோட்டை வழியா ஓசூர் வரைக்கும் நீட்டினது 1913ல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அந்த லைனையே புடுங்கிட்டாங்க, இன்னைக்கு இருக்கற பிள்ளைங்களுக்கு அப்படி ஒண்ணு ஓடினதே தெரியாது.

இதெல்லாம் கூட்டிப் பார்த்தா உங்க ஓடு 1907ல இருந்து 1920க்குள்ள உங்க ஊர் பக்கம் வந்து இறங்கியிருக்கும்ங்கறது என் கணக்கு. அப்பவும் பள்ளிக்கூடத்துக்குன்னே வந்துச்சா, வேற யாரோ பெரிய வீட்டுக்கு வந்து அந்த வீடு விழுந்தப்புறம் பள்ளிக்கூடத்துக்கு ஏறுச்சான்னு சொல்ல முடியாது, ஏன்னா ஓடுங்கறது ஊர் சுத்துற சாமான், நம்ம ஜனங்க நல்ல ஓட்டை தூக்கி எறிஞ்சதே கிடையாது. கூரையில பத்து எடத்துல ஓடு தூக்கிப் பாருங்க. எல்லாம் ஒரே அச்சா இருந்தா ஒரே லோடுல வந்தது, நாலு கம்பெனி கலந்து கிடந்தா அப்பப்ப ஒட்டுப் போட்டது. நாட்டு ஓடு, அதான் கையால வளைச்ச குழா ஓடு, அதைத் தாங்கற குறுக்குச் சட்டமான வரிச்சை அடிச்ச பழைய ஆணி ஓட்டை கைமரத்துல, அதான் கூரைச் சரிவுல இறங்கற மரத்துல, தெரிஞ்சா, மங்களூர் ஓட்டுக்கு முன்னாடியே அந்தக் கூரை இருந்துச்சுன்னு அர்த்தம். அந்த ஆணி ஓட்டையைத்தான் நான் முதல்ல தேடுவேன்.

வராண்டா விட்டத்தையும் பாருங்க. சில பள்ளிக்கூடத்துல மரத்துக்கு பதிலா தண்டவாளத் துண்டு போட்டிருப்பாங்க, சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு அது தண்டவாளம்னே தெரியாது. அந்த இரும்போட பக்கவாட்டுல சுரண்டினா உருக்கு கம்பெனி பேரும் வருஷமும் எழும்பி நிக்கும். ஓடு மாதிரி ஏமாத்தாது இது, தண்டவாளத்துல இருக்கறது அதை உருட்டி எடுத்த வருஷமேதான். அந்த வருஷத்துக்கு முன்னாடி வராண்டா இல்ல, அது மட்டும் உறுதி.

இப்ப செவுரு. நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாவே பாறை மேல உக்காந்திருக்கற ஊருங்க, செங்கல்லை விட கருங்கல் மலிவு. அதனால பழைய பள்ளிக்கூடம் பெரும்பாலும் கருங்கல் செவுருதான், ஒன்றரை அடிக்குக் குறையாத தடிப்பு, உள்ள சேத்துமண்ணு வச்சு அடுக்கி வெளிய சந்துல மட்டும் சுண்ணாம்பு பூசியிருப்பாங்க. ஓசூர், தளி பக்கம் போனா செவுருக்கே கல் பலகையை நெட்டுக்க நிறுத்தி வச்சிருப்பாங்க, வராண்டா தூணு எல்லாம் ஒரே கல்லு. அந்தத் தூணோட ஓரத்தை விரலால தடவிப் பாருங்க, வரிசையா சின்னச் சின்னதா அரைப் பள்ளம் இருந்தா உளியால குழி போட்டு அதுல இரும்பு ஆப்பு வச்சு சம்மட்டியால பிளந்த கல்லு, கை வேலை. அதே ஓரத்துல நீளமா, பாதியா அறுத்த பைப்பு மாதிரி கோடு இறங்கியிருந்தா கம்ப்ரஸர் மிஷின் வச்சு துளை போட்டது, அது கிரானைட் குவாரி காலம். வழுவழுன்னு ரம்பம் போட்டு அறுத்த பக்கம் இருந்தா அது இன்னும் புதுசு. ஒரு ஊர்ல வராண்டாவுல ஆறு தூணு, அஞ்சுல ஆப்புக் குழி, ஆறாவதுல கம்ப்ரஸர் கோடு. விசாரிச்சா ஒரு தூணை கரும்பு லாரி ரிவர்ஸ்ல வந்து சாய்ச்சிடுச்சாம், ஹெட்மாஸ்டர் பக்கத்து குவாரியில கேட்டு வாங்கி நட்டிருக்காரு.

பூச்சையும் பாருங்க. சுக்கான்கல்லை சுட்டு நீத்த சுண்ணாம்பு, ஆத்து மணலு, அதுல கடுக்காய் ஊற வச்ச தண்ணியும் வெல்லமும் ஊத்தி அரைச்ச சாந்து, இதான் பழசு. கடுக்காய்க்கு பஞ்சமே இல்ல, சித்தேரி மலையில இருந்து கொண்டு வருவாங்க. சுண்ணாம்புப் பூச்சு செவுத்துக்குள்ள இருக்கற ஈரத்தை மூச்சு விடற மாதிரி வெளிய விட்டுடும். அது மேல நாம சிமெண்ட் பூசினோமா, ஈரம் உள்ளயே மாட்டி, உப்பு பூத்து, மூணு நாலு மழைக்குள்ள பாளம் பாளமா கழண்டு விழும், அப்புறம் "கட்டடம் வீணாப்போச்சு, இடிச்சிடலாம்"னு நாமளே எழுதுவோம். நானும் அப்படி எழுதினவன்தான், சர்வீஸ்ல சேர்ந்த புதுசுல சுண்ணாம்பு வேலைக்கு ரேட்டு போடவே தெரியாம சிமெண்டுக்கு எஸ்டிமேட் போட்டேன், அடுத்த அஞ்சு வருஷத்துல அந்தக் கட்டடமே போச்சு.

உள்ள போனீங்கன்னா பெரும்பாலும் ஒரே நீள ஹாலு, தடுப்பு கிடையாது. ஒண்ணாப்பு ஒரு மூலை, அஞ்சாப்பு ஒரு மூலை, நடுவுல ஒரே வாத்தியார். அகலம் 16, 18 அடிக்கு மேல போகாது, அது யாரோ உக்காந்து டிசைன் பண்ணினது இல்ல, அந்த நீளத்துக்கு மேல நேரான விட்டம் கிடைக்காது, கிடைச்சாலும் தொய்யும், அவ்ளோதான். விட்டத்து நடுவுல நிக்கிற குத்துக்கட்டை, ரெண்டு பக்கமும் இறங்கற கைமரம், உச்சியில முகட்டு வளை, இதுல மூட்டு வர்ற எடத்துல உளியால ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடுன்னு கீறியிருக்கும், தச்சர் கீழ வச்சு சேர்த்துப் பார்த்துட்டு மேல ஏத்தறப்ப மாறிடக் கூடாதுன்னு போட்ட அடையாளம். அந்தக் கோடு எல்லாம் ஜோடி ஜோடியா பொருந்தி இருந்தா கூரை ஆரம்பத்துல கட்டின கூரை, பொருந்தலன்னா வேற எங்கயோ இருந்து பிரிச்சு வந்த மரம்.

கல்வெட்டு இருக்கான்னு நீங்க எழுதல, ஆனா இருக்கும், பச்சை பெயிண்ட்டுக்கு அடியில தேடுங்க. ஆங்கிலத் தேதி இருந்தா பிரச்சினை இல்ல. தமிழ் வருஷம் மட்டும் இருந்தா ஜாக்கிரதை, அது 60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும். நான் ஒரு எடத்துல "ராட்சச வருஷம் ஐப்பசி மாதம்"னு படிச்சுட்டு 1915ன்னு குதிச்சேன், பக்கத்துல இருந்த பழைய கிராமணி சிரிச்சாரு, 1975ம் ராட்சசதான் சாரு, நான்தான் அந்தக் கல்லுக்கு பந்தல் போட்டேன்னாரு. அசடு வழிஞ்சது இன்னும் மறக்கல. அன்னைக்கு நான் மேல ஒரு வரி படிச்சிருந்தா போதும், "ஊராட்சி ஒன்றியம்"னு இருந்துச்சு. ஊராட்சி ஒன்றியம்ங்கற அமைப்பே 1958 பஞ்சாயத்து சட்டத்துக்கு அப்புறம் 1960 வாக்குல வந்ததுதான், அதுக்கு முன்னாடி போர்டு ஸ்கூலு. பெரியவங்க இன்னைக்கும் "போர்டு பள்ளிக்கூடம்"னுதானே சொல்றாங்க, ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டு நடத்தினது.

இந்த மாதிரி வார்த்தையே வருஷம் சொல்லும். சேலம் ஜில்லான்னு இருந்தா 1965 அக்டோபர் 2க்கு முன்னாடி, அன்னைக்குத்தான் தருமபுரி தனியா பிரிஞ்சது. தருமபுரின்னு போட்டு உங்க ராயக்கோட்டை பக்கத்து ஊர் பேரு இருந்தா 1965க்கும் 2004க்கும் நடுவுல, கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியிலதான் பிரிஞ்சது. சென்னை மாநிலம்னு இருந்தா 1969க்கு முன்னாடி. அப்புறம் எழுத்து. "பாடசாலை"ங்கற வார்த்தையில இருக்கற லைய பாருங்க, யானை தும்பிக்கை தூக்கின மாதிரி மேல சுழிச்ச பழைய லையா, இல்ல இப்ப எழுதற லையா? பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை எம்ஜியார் சர்க்கார் ஏத்துகிட்டது 1978ல, கல்லுல புது லை இருந்தா அது அனேகமா 1978க்கு அப்புறம் வெட்டினதுதான். பழைய லை இருந்தா அந்த அளவுக்குக்கூட சொல்ல முடியாது, ஆசாரி பழக்கத்துல அதுக்கப்புறமும் சில வருஷம் பழசையே வெட்டியிருப்பாரு. ஓசூர் பக்கம்னா கல்வெட்டு தெலுங்குலயோ கன்னடத்துலயோ இருக்கலாம், அங்க இன்னைக்கும் தெலுங்கு, கன்னடம், உருது மீடியம் சர்க்கார் பள்ளிக்கூடம் நடக்குதே. இன்னொண்ணு, வேப்பனப்பள்ளி, உத்தனப்பள்ளி, தொரப்பள்ளின்னு பேரு இருக்கறத வச்சு அங்கெல்லாம் ஆதிகாலத்துல பெரிய பள்ளிக்கூடம் இருந்துச்சுன்னு யாராவது கதை விட்டா நம்பாதீங்க, அந்த "பள்ளி" தெலுங்கு, கன்னடத்துல ஊருன்னு அர்த்தம், தருமபுரி பக்கம் அதையே "அள்ளி"ம்பாங்க.

இப்ப நல்ல சேதிக்கு வர்றேன். கட்டடத்தோட வயசு வேற, பள்ளிக்கூடத்தோட வயசு வேற. உங்க ஓட்டு ஹாலு 1915லயோ 1935லயோ வந்திருக்கலாம், ஆனா உங்க ஊர்ல பிள்ளைங்க எழுதப் படிக்கக் கத்துகிட்டது அதுக்கு முன்னாடியே இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. 1792ல திப்பு கிட்ட இருந்து பாராமகால், அதான் நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக்கு அப்ப இருந்த பேரு, கிழக்கிந்தியக் கும்பினிக்கு கை மாறினப்ப கலெக்டரா வந்த ரீடுக்கு உதவியா இருந்தவரு தாமஸ் மன்றோ, நம்ம தருமபுரியில குடியிருந்து வேலை பார்த்தவரு. அவரே பின்னாடி மெட்ராஸ் கவர்னர் ஆனதும் 1822ல ஒவ்வொரு கலெக்டரும் உங்க ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பசங்கன்னு கணக்கு அனுப்புங்கன்னாரு. மாகாணம் முழுக்க 12,498 பள்ளிக்கூடம், ஒரு லட்சத்து 88 ஆயிரத்துக்கு மேல பிள்ளைங்க. ஜனத்தொகை ஒண்ணேகால் கோடிக்கு கொஞ்சம் மேல, ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம்னு கணக்கு வருது. அதுல சர்க்கார் கட்டின கட்டடம்னு தேடினா கிடைக்காது, எல்லாம் வாத்தியார் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சாவடி, மரத்தடி. மணலைப் பரப்பி விரலால எழுத்து, அப்புறம் ஓலை, பெரிய பையன் சட்டாம்பிள்ளையா நின்னு சின்னப் பசங்களுக்கு சொல்லிக் குடுப்பான், வாத்தியாருக்கு கூலி பெரும்பாலும் தானியமா வரும், நம்ம ஊர்னா கேவுருதான் போயிருக்கும். தெலுங்கு பேசறவங்க இதையே வீதி படின்னு சொல்லுவாங்க. ஆனா அதுல எல்லா வீட்டுப் பிள்ளையும் இல்ல, பொம்பளப் பிள்ளைங்க ரொம்ப ரொம்ப கம்மி, சேரிப் பிள்ளைங்களுக்கு அந்தத் திண்ணை கிடையாது. அதையும் சொல்லாம பழம்பெருமை மட்டும் பேசறது எனக்கு புடிக்காது. சேரிக்குன்னு தனியா லேபர் டிபார்ட்மெண்ட் ஸ்கூல் வந்ததெல்லாம் 1920க்கு மேலதான், அதுவே பின்னாடி ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆச்சு.

கோவிலூர், எலத்தகிரி மாதிரி பழைய கிறிஸ்தவ ஊர்னா கோயிலை ஒட்டியே பள்ளிக்கூடம் வளர்ந்திருக்கும், அந்தக் கதை தனி. மத்த ஊர்ல திண்ணை வாத்தியார் பள்ளிக்கூடமே கிராண்ட் வாங்கி எய்டட் ஆகி, அப்புறம் போர்டு கைக்குப் போயி, 1960ல யூனியனுக்கு வந்து, பேரு மட்டும் மாறிகிட்டே இருந்திருக்கும். நெறைய ஊர்ல கல்வெட்டு 1958ல இருந்து 63க்குள்ள இருக்கும், ஏன்னா காமராஜர் காலத்துல நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை டைரக்டரா இருந்தப்ப பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு நடத்தி ஊர்க்காரங்களையே எடம், பெஞ்சு, மணி, கடிகாரம்னு குடுக்க வச்சாங்க. இருக்கற பழைய ஹாலுக்கு வராண்டா எடுத்துட்டு கல்வெட்டுல "கட்டிடம் திறப்பு"ன்னு வெட்டிட்டாங்கன்னா கட்டடமே 1960னு நாம நெனச்சுக்குவோம். ஓடு வயசைக் கூட்டும், கல்வெட்டு வயசைக் குறைக்கும், ரெண்டையும் தனியா நம்பாதீங்க.

நம்பறதுக்கு காகிதம் இருக்கு. ஹெட்மாஸ்டர் ரூம்ல பச்சை பீரோவுக்கு அடியில, கரையான் விட்டு வச்ச மிச்சமா, பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்கும். முதல் பக்கம் கிடைச்சா சேர்க்கை நம்பர் 1 எந்த வருஷம்னு பாருங்க, அதுல தலைப்புல பள்ளிக்கூடத்து பேரு என்னன்னும் பாருங்க. நம்பர் 1ல ஆரம்பிக்காம 412ல ஆரம்பிச்சா அதுக்கு முன்னாடி ஒரு ரிஜிஸ்டர் தொலைஞ்சிருக்கு. இன்ஸ்பெக்டர் வந்து எழுதிட்டுப் போற பார்வைப் புத்தகம் கிடைச்சா அதிர்ஷ்டம், "கூரை ஒழுகுகிறது, ஓடு போட வேண்டும்"னு ஒரு வரி போதும், உங்க கேள்விக்கு அதுவே பதில். எடம் யாரு குடுத்தாங்கன்னு விஏஓ கிட்ட இருக்கற நிலக் கணக்கு, அதான் அ பதிவேடு, அதுல சர்வே நம்பர் பாருங்க, புறம்போக்கா, நத்தமா, தானமா வந்த பட்டா எடமான்னு தெரியும். தானம்னா சப்-ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரத்துக்கு நகல் போடலாம். அதுக்கும் மேல வேணும்னா எழும்பூர் ஆவணக் காப்பகம்தான், சேலம் ஜில்லாவுல தேடணும், கிருஷ்ணகிரின்னு தேடினா ஒண்ணும் வராது.

இடிக்கற விஷயம். 2004ல கும்பகோணத்துல பள்ளிக்கூடத்துல தீப்புடிச்சு 94 பிள்ளைங்க போச்சு, அதுக்கப்புறம் கீத்துக் கொட்டாய் எல்லாம் பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்தாங்க. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு பள்ளிக்கூடத்து கழிப்பறைச் செவுரு விழுந்து 3 பசங்க இறந்ததும் பழுதான கட்டடத்தை எல்லாம் இடிக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. ரெண்டும் சரியான முடிவுதான், பழசுன்னு பாசம் வச்சுகிட்டு அதுக்கு கீழ பிள்ளைங்கள உக்கார வைக்கற கட்சி நான் இல்ல. ஆனா பழசுன்னா பழுதுன்னு எழுதிடறாங்க, அதான் எனக்கு ஆத்தாமை. ஓட்டுக் கட்டடம் பெரும்பாலும் செவுத்துல விழாது, விட்டத்தோட முனையிலதான் விழும், விட்டம் செவுத்துக்குள்ள போற எடத்துல ஒழுகின தண்ணி தங்கி உளுத்துப் போயிருக்கும், இல்லன்னா கரையான். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அங்க குத்துங்க, டக்குனு நின்னா மரம் இருக்கு, சர்ருனு உள்ள போனா மரம் இல்ல, வெறும் தோலு. நாலு விட்டத்துல ஒண்ணு மட்டும் உளுத்திருந்தா அதை மாத்த ஆகற செலவு இடிச்சு மண்ணு அள்ளற செலவுக்கு பக்கத்துலதான் வரும். வகுப்பறையா வேணாம், நூலகமா வச்சுக்கலாமே. இந்த மாதிரி சின்னக் கட்டடத்தை பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிக்க வைக்கறது நடக்கற காரியம் இல்ல, அதுக்கு அலையாதீங்க, பொதுப்பணித்துறையில பழைய கட்டடம் பாக்கறதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு அவங்கள வந்து பாக்கச் சொல்லி பிடிஓ மூலமா கேளுங்க.

அதுக்குள்ள நீங்க செய்ய வேண்டியது, ஹாலோட நீளம், அகலம், செவுத்துத் தடிப்பு டேப்பு வச்சு அளந்து குறிச்சுக்குங்க, ஓட்டு முதுகு, தூணு ஓரம், விட்டத்து மூட்டு, கல்வெட்டு நாலையும் காலைல வெயில் சாய்வா விழறப்ப ஃபோட்டோ எடுங்க, உச்சி வெயில்ல எடுத்தா எழுத்து தெரியாது. கல்வெட்டுக்கு மேல மாவு தேய்க்கறேன், கம்பி வச்சு சுரண்டறேன்னு எறங்கிடாதீங்க. கைமரத்துல பழைய வரிச்சு ஆணி ஓட்டை இருக்கான்னு மட்டும் மறக்காம பாத்து சொல்லுங்க தம்பி, இருந்துச்சுன்னா நான் சொன்ன 1907 கணக்கு ஓட்டுக்கு மட்டும்தான், கூரை அதை விட பழசுன்னு நான் திருப்பி எழுதணும்.